பதினான்காவது ஷரத்து

போன வாரம் தெரசாவை டாக்டர் அறை வாசலில், கையில் ஸ்கேன் காகிதத்தோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், எத்தனை நேரம்தான் நிற்பாள். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பத்து வாரம்.

தெரசாவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். இதற்கு முன் இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் நாலாம் மாதத்துக்குள் கலைந்துபோனது. "பதினாறு வாரம் முடியற வரைக்கும் படுக்கைதாம்மா. மாடிப்படி கூடாது, கனம் தூக்கக் கூடாது, நின்னுக்கிட்டே வேலை பார்க்கவும் கூடாது" என்று டாக்டரம்மா சொன்னதற்கெல்லாம் தெரசா தலையைத் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு வெளியே வந்தபிறகுதான் மறுநாள் என்ன நாள் என்பது உறைத்தது.

மறுநாள், அதாவது இன்றைக்கு, கூட்டுப் பத்திரத்தில் கையெழுத்து.

உவரியில் கரையேறும் மீனை அன்றைக்கே சுத்தம் செய்து, வெட்டி, வண்ணார்பேட்டையில் விற்பதற்கு ஒரு கடை. தெரசாவும் அவள் அண்ணன் கிளமென்ட்டும் ஆளுக்குப் பாதி. கரையில் மீன் எடுத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது அவன் பாடு. கடையில் நின்று வெட்டி, நிறுத்து, விற்பது இவள் பாடு. கடைக்குப் பெயர் வைப்பதற்கே மூன்று வாரம் சண்டை நடந்தது. அண்ணன் புனித அந்தோனியார் பெயரில்தான் நின்றான். தெரசாவின் புருஷன் கிருபைராஜ், புனிதர் வணக்கம் இல்லாத சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவர், "புனிதரை மீன் கடைக்கு இழுக்காண்டாம் மச்சான்" என்று பைய ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் 'உவரி அலை' என்று ஆனது. வருகிற திங்கட்கிழமை திறப்பு.

திங்கட்கிழமை காலை ஐந்து மணியிலிருந்து கடையில் நிற்க வேண்டிய ஆள், பதினாறு வாரம் வரைக்கும் படுத்திருக்க வேண்டும். இதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரசாவுக்கு விளங்கவில்லை.

காலை ஆறரைக்குக் கிருபைராஜ் அடுக்களையில் சீலா மீனை அலசிக்கொண்டிருந்தார். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். உவரியில் பெண் எடுத்த நாளிலிருந்து மீன் அலசுவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. உப்புப் போட்டு, மஞ்சள் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றி, ஏதோ ஞானஸ்நானம் கொடுப்பதுபோல் அலசுவார்.

தெரசா அடுக்களை வாசலுக்கு வந்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். அவ்வளவுதான், பின்வாசலுக்கு ஓடிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஓங்கரித்தாள்.

பிறந்தது முதல் மீன் வாடையிலேயே வளர்ந்தவள். கடற்கரையில் கருவாட்டுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். அவளுக்கு மீனைக் கண்டு குமட்டுகிறது. சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"என்னாச்சு?" என்று உள்ளிருந்து கேட்டார் கிருபைராஜ்.

"ஒண்ணுமில்லங்க. பித்தம். நேத்து வெறும் வயித்துல காப்பியக் குடிச்சேன்லா."

"இஞ்சி தட்டிப் போட்டுத் தரட்டா?"

"வேண்டாம். உங்களுக்கு நேரமாகும்."

அவர் கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். "சாயங்காலம் நாலரைக்கு நான் வந்துருதேன். சாட்சிக் கையெழுத்து எனக்குத்தான், வேற யாரையும் போட விட்டுராத. பங்குதாரரா இருக்கத்தான் சர்க்கார் விடல, சாட்சியாவது இருந்துக்கிடுதேன்" என்றார்.

அரசு ஊழியர் வியாபாரம் செய்யக் கூடாது என்பது விதி. ஆனால் இந்தக் கடையின் ஒவ்வொரு காகிதத்திலும் அவர் விரல் பட்டிருக்கிறது. மனைவி தொழில் செய்யப் போவதாகக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு அலைந்தார். பத்திரத்தின் நகலை நாலு முறை வாங்கி வந்து, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் திருத்திக் கொடுத்தார்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அதற்கும் காரணம் உண்டு. இரண்டாவது முறை தங்கியபோது, மத்தியானம் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டார் மனுஷன். ஆசிரியர்கள் அறை முழுக்கச் சேதி பரவியது. பிறகு எல்லாம் முடிந்துபோனபோது, விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லச் சக்தியில்லாமல் இரண்டு மாதம் அவர் அந்த அறைப் பக்கமே போகவில்லை. ஆளில்லாத வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார் என்று இவளுக்கு வேறொரு டீச்சர் சொல்லித்தான் தெரியும். தன் வலியைக்கூடத் தெரசா தாங்கிவிட்டாள். அந்தச் சாப்பாட்டு டப்பாவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பதினாறு வாரம் முடியட்டும், படுத்துக் கிடப்பதற்கு இடுப்பு வலி என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்போம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நேற்றே மனத்தில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அண்ணன் விஷயம் அப்படி இல்லையே. அவன் மீன்பிடி வள்ளத்தில் தனக்கிருந்த பாதியை விற்று இந்தக் கடையில் முதல் போட்டிருக்கிறான். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் திரும்பிப் போக அவனுக்குக் கடலில் இடம் இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வண்ணார்பேட்டையில், கடை இருக்கும் கட்டடத்தின் மாடியிலேயே இருந்த வக்கீல் முஃபீதாவின் அலுவலகத்துக்கு அண்ணனும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். தெரசா ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிஷம் நின்று பைய ஏறினாள். முன்னால் போய்விட்ட கிளமென்ட் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன பிள்ள, கிழவி மாதிரி ஏறுத?"

"செருப்பு கடிக்கி."

முஃபீதா மேலப்பாளையத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் ஷரத்து ஒன்றை விளக்க ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் யாரானாலும் கைகட்டிக் கேட்கத்தான் வேண்டும். பத்திரத்தை மேசையில் விரித்து ஒன்றாவது ஷரத்திலிருந்து தொடங்கினாள்.

"அண்ணாச்சி, வாசிக்காம போட்ட கையெழுத்தாலதான் என் பிழைப்பே ஓடுது. அதனால முழுசும் கேட்டுருங்க. லாபம் ரெண்டு பேருக்கும் சரிபாதி. நட்டமும் சரிபாதி."

கிளமென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நட்டத்துலயும் பாதியா? எங்க வள்ளத்துல அப்படிக் கிடையாதும்மா. மீன்பாடு கிடைச்சா ஆளுக்கொரு பங்கு. வலை அத்துப்போச்சுன்னா அது வள்ளக்காரன் தலையோட. ஆளுக பங்குல கை வைக்க மாட்டாவ."

"இங்கன ரெண்டு பேருமே வள்ளக்காரங்கதான் அண்ணாச்சி. இன்னும் கேளுங்க. கடை பேருல வாங்குன கடனுக்குக் கடைச் சொத்து பத்தலைன்னா, உங்க உவரி வீடும் வரும், அக்கா வீடும் வரும். யார் வாங்குனா, யார் கையெழுத்துப் போட்டான்னு பேங்க்காரன் பிரிச்சுப் பாக்க மாட்டான். ஒருத்தர் கடைக்காகச் செய்யிறது எல்லாம் இன்னொருத்தரையும் கட்டும்."

"அப்ப இவ தப்புப் பண்ணுனா என் வீடா?"

"நீங்க பண்ணுனா அவங்க வீடு."

கிளமென்ட் தங்கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "சரி, படியுங்க. இவ தப்புப் பண்ண மாட்டா" என்றான்.

தெரசாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. குனிந்து புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

முஃபீதா ஒன்பதாவது ஷரத்துக்கு வந்தாள். "பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் உண்மையாக நடந்து, நிறுவனத்தைப் பாதிக்கக்கூடிய எதையும் மறைக்காமல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நாங்க எழுதாட்டாலும் இது சட்டத்திலேயே உண்டு. கூட்டுன்னாலே இதுதான். மத்தது எல்லாம் கணக்கு" என்றாள்.

யாரோ கன்னத்தில் தட்டியதுபோல் இருந்தது தெரசாவுக்கு.

அதற்கு மேல்தான் பதினான்காவது ஷரத்து வந்தது. "பங்குதாரர் எவரேனும் தொடர்ந்து தொண்ணூறு நாட்கள் நிறுவனப் பணிக்கு வராதிருந்தால், அவர் கூட்டிலிருந்து விலகியவராகக் கொள்ளப்பட்டு, அவருடைய முதல் மட்டும் திருப்பித் தரப்படும்."

இந்த ஷரத்து முஃபீதா போட்டதல்ல. தெரசாவே தனியாக வந்து, கேட்டுப் போடச் சொன்னது.

நாலு வருஷத்துக்கு முன்னால் கிளமென்ட் வீட்டில் ஏதோ பேச்சு முற்றி, கோபித்துக்கொண்டு கேரளக் கரைக்குப் போய்விட்டான். ஐந்து மாதம் ஒரு போன் கிடையாது. அவன் மனைவி ஸ்டெஃபி ஒற்றை ஆளாய்க் குடும்பத்தைத் தள்ளினாள். அந்தச் சமயத்தில் ஆறுதல் சொல்லப் போன தெரசா, "உங்க வாய்க்குப் பயந்துதான மதினி அண்ணன் ஓடிட்டான்" என்று ஒரு வார்த்தை விட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான், மதினி இன்றைக்கு வரைக்கும் அவளோடு பேசுவதில்லை. அண்ணன் மறுபடியும் அப்படிப் போய்விட்டால் கடை என்னாவது என்று பயந்து, தெரசா கெட்டிக்காரத்தனமாகப் போட்ட ஷரத்து இது. அவளுடைய கெட்டிக்காரத்தனம் எப்போதுமே அவள் காலைத்தான் முதலில் வாரும்.

பதினாறு வாரம் வரை படுக்கை. அதற்குமேல் பிரசவம்வரை கனம் தூக்கக் கூடாது. பிறகு பச்சைக் குழந்தை. தொண்ணூறு நாள் எந்த மூலைக்கு?

"ஒரு நிமிசம் முஃபீதா" என்றாள் தெரசா. "அண்ணே, கீழ கடைக்கு வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கடையில் மீன் இன்னும் வரவில்லை. புதுச் சுண்ணாம்பு வாடைதான். வெள்ளை ஓடு பதித்த சுவர், பளபளவென்ற வெட்டு மேசை, உறை பிரிக்காத குளிர்பெட்டி, ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தெரசா அதில் உட்கார்ந்தாள். வெளியே பேருந்துகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போயின.

"பேங்க்காரன் என்னமும் சொல்லிட்டானா?" என்றான் கிளமென்ட்.

"இல்ல."

"பிறகு? மச்சான் வேண்டாங்காரா?"

"அவியளுக்கே இன்னும் தெரியாது." தெரசா முகத்தை நிமிர்த்தினாள். "அண்ணே, நான் உண்டாகியிருக்கேன். பத்து வாரம். டாக்டர் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டா. திங்கக்கிழமை நான் கடைக்கு வர முடியாது. அதுக்கப்புறமும் எப்ப வர முடியும்னு தெரியாது. நீ இப்ப கையெழுத்துப் போட்டா, கரையையும் பாத்து, கடையையும் நீயே பாக்கணும். கடன் வந்தா உன் வீடு. பிள்ளைகள வச்சிருக்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிரு. முஃபீதாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

கிளமென்ட் சுவர்ப்பக்கம் திரும்பி, ஓடு ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினான். அது வரவில்லை. இன்னும் சுரண்டினான். அவன் தோள் குலுங்குவதைக் கண்டபிறகுதான் தெரசாவுக்கு விஷயம் புரிந்தது. கடலில் இருபத்தைந்து வருஷம் கிடந்த மனுஷன், தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணே."

"கிறுக்கி" என்றான், திரும்பாமலே. "மாடிப்படி ஏறிட்டியேடி. செருப்பு கடிக்கின்னு எங்கிட்டயே பொய் சொல்லுத."

"பைய்யத்தான் ஏறுனேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "நம்ம அப்பா கால் முறிஞ்சு நாலு மாசம் கிடந்தாவல்லா, உனக்கு அப்ப மூணு வயசு. நாம என்னத்தத் தின்னோம்னு நெனைக்க?"

"தெரியல."

"மீனுதான். அப்பா பங்கு ஒருநாள் தவறாம வீட்டு வாசல்ல வந்து விழும். வள்ளத்துல போனவன் எட்டுப் பேருன்னாலும் பங்கு ஒன்பதாத்தான் வைப்பாவ. கரையில கிடக்கவனுக்கும் பங்கு உண்டு, அவன் எந்திரிச்சு வாற வரைக்கும். அவனா வந்து கேக்கணும்னு கிடையாது."

"இது வள்ளம் இல்லண்ணே. அவ சொன்னாள்லா."

"எழுதுனா இதுவும் வள்ளந்தான்." பிறகு சற்று நிறுத்தினான். "அந்தத் தொண்ணூறு நாள், அது என்னைய நெனச்சு நீ போட்டதுன்னு எனக்குத் தெரியும் பிள்ள."

தெரசாவுக்குத் தலை நிமிரவில்லை. "தப்புதாண்ணே" என்றாள்.

"தப்பு இல்ல. நான் போனது நெசந்தான. அன்னைக்கு நீ ஸ்டெஃபிய ஒரு வார்த்தை சொன்னதும் எனக்குத் தெரியும். ஓடுனவன் நானு, பேச்சு வாங்குனது அவ. நீ இங்கனயே இரு, மேல வராத."

அவன் படியேறிப் போய், வக்கீலையே கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். முஃபீதா மடிக்கணினியும் கையுமாக வந்து, வெட்டு மேசையை எழுத்து மேசையாக்கிக்கொண்டு நின்றாள். சேதியைக் கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று தெரசாவின் கையைப் பிடித்துக்கொண்டவள், மறு நிமிஷமே பழையபடி வக்கீலாகிவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. என்ன எழுத?"

"சீக்கு வந்தாலும் சரி, பிள்ளைப்பேறுன்னாலும் சரி, ஒருத்தர் வேலைக்கு வர முடியலைன்னா அவங்க பங்கு குறையாது. மத்தவரு ரெண்டு வேலையும் பாக்கணும். எத்தன நாளானாலும்."

"எத்தன நாளானாலும்னு எழுத மாட்டேன். பின்னால உங்க பிள்ளைக காலத்துல வம்பு வரும். ஒரு கெடு போடுங்க."

"மூணு வருசம்."

"ஒண்ணரை வருசம். அதுக்கு மேல வேணும்னா ரெண்டு பேரும் சேந்து எழுதி நீட்டிக்கலாம்" என்று முஃபீதா தட்டிக்கொண்டே போனாள். "அந்தத் தொண்ணூறு நாள எடுத்துறவா?"

"எடுக்காதீங்க" என்றான் கிளமென்ட். "காரணம் சொல்லாம போறவனுக்கு அது இருக்கட்டும். தொண்ணூறு எதுக்கு? முப்பதுன்னு போடுங்க."

"அண்ணே" என்று தெரசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு. பங்குதாரர் நானும்தான." பிறகு முஃபீதாவின் பக்கம் குனிந்து, ரகசியம்போல் கேட்டான். "யம்மா, பிறக்கப் போற பிள்ளைக்கும் இதுல ஒரு பங்கு எழுதலாமா?"

"பிறக்கட்டும் அண்ணாச்சி, முதல்ல. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சா லாபத்துல பங்கு குடுக்கலாம். நட்டம் வந்தா அந்தப் பங்கு மட்டுந்தான் போகும். பதினெட்டு வயசு வரைக்கும் அதோட சொந்தச் சொத்துல ஒருத்தனும் கை வைக்க முடியாது."

"பாத்தியா பிள்ள, சட்டத்துக்கும் ஈரம் இருக்கு" என்று சிரித்தான் கிளமென்ட். அன்றைக்கு முதல்முறையாகத் தெரசாவும் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்து முடிந்ததும் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. பத்திரத்தில் எத்தனை ஷரத்து எழுதினாலும் காலை ஐந்து மணிக்கு வெட்டு மேசையின் முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டுமே. கூலிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே கடையை ஒப்படைக்க முடியாது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்றையதா இன்றையதா என்று சொல்லத் தெரிந்த, கை சுத்தமான ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆளை அண்ணன் தங்கை இருவருக்குமே தெரியும். இருவருமே பெயரைச் சொல்லவில்லை.

கிளமென்ட்தான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நடப்பதும் நிற்பதும் கையை ஆட்டுவதும் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"மதினி என்ன சொன்னாவ?"

"உனக்கு உடம்புக்கு முடியலைன்னு மட்டுந்தான் சொன்னேன். விசயத்தச் சொல்லல. மச்சானுக்குத் தெரியாம அவளுக்குத் தெரியக் கூடாதுல்லா." போனைச் சட்டைப்பையில் போட்டான். "வர மாட்டேன்னு சொல்லல. 'அன்னைக்குச் சொன்ன வாய் இன்னைக்குக் கேக்கட்டும். அதுவும் போன்ல கேக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை நான் அங்கன வாறேன்'னா."

ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் ஓர் இராத்திரிதான். தெரசா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். மதினி கேட்கச் சொல்வது உதவியையா, மன்னிப்பையா என்பது விளங்கவில்லை. இரண்டையும் கேட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலரைக்குச் சரியாகக் கிருபைராஜின் ஸ்கூட்டர் வந்து நின்றது. சட்டையில் சுண்ணக்கட்டித் தூள், கையில் அல்வாப் பொட்டலம். கையெழுத்துப் போட்டதும் எல்லோருக்கும் கொடுக்க வாங்கியிருக்கிறார்.

"ஆபீஸ் கீழ இறங்கிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கிளமென்ட் முன்னால் போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். அவரைப் பார்த்த பார்வையில் என்னமோ அதிகப்படியாக இருந்தது. அவருக்கு அது புரியவில்லை.

அவர் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் தெரசா இருந்தாள். அண்ணனிடம் சொன்னபிறகு இவரிடம் மட்டும் ஒளிக்க முடியுமா என்ன. ஆனால் முஃபீதா புதிதாக அச்செடுத்து வந்த பத்திரத்தை அதற்குள் அவர் கையில் கொடுத்துவிட்டாள். காகிதம் கைக்கு வந்தால் மனுஷனுக்கு உலகம் மறந்துவிடும். நின்றபடியே படிக்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு பக்கமாகத் திரும்பியது. பதின்மூன்றாவது ஷரத்து வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பதினான்கில் நின்றார். ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு நிமிர்ந்து தெரசாவைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே அவளுக்கு முதுகைக் காட்டி, முஃபீதாவின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, இந்த மகப்பேறுன்னு வாற வரி... பொதுவா எல்லாப் பத்திரத்துலயும் போடுவீங்க போல. தப்பில்ல. ஆனா எங்களுக்கு அது வேண்டாம். அவ வாசிச்சா வருத்தப்படுவா. அவ பாக்குறதுக்குள்ள எடுத்துருங்களேன்."

முஃபீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கிளமென்ட் அல்வாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பேருந்தைப் பார்த்தான்.

அவர் எவ்வளவு தாழ்த்திப் பேசினாலும் அந்தச் சின்னக் கடைக்குள் தெரசாவுக்குக் கேட்காமல் போகுமா? இத்தனை வருஷமாக அவள் அவருக்கு வலிக்கக் கூடாது என்று ஒளித்தாள். அவரும் அவளுக்கு வலிக்கக் கூடாது என்று ஒளித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்குக் கண் நிறைந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எடுக்க வேண்டாங்க" என்றாள். "இருக்கட்டும். அது நமக்காக எழுதுனதுதான்."

கிருபைராஜ் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்தார். காலையில் குழாய் திறந்த சத்தம் வரைக்கும் ஒவ்வொன்றாக அவருக்குள் போய்ச் சேர்வது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"எத்தன வாரம்?" என்றார்.

"பத்து."

உதடு அசைந்தது. ஜெபம் சொன்னாரோ, வாரத்தைத்தான் எண்ணினாரோ. பதின்மூன்று வருஷத்தில் வெளியாள் முன்னால் அவளை ஒருமுறைகூட உரிமையாய் 'ட்டி' போட்டுப் பேசாத மனுஷன் அவர்.

"அப்ப எதுக்குட்டி நின்னுக்கிட்டு இருக்க?" என்றார். "உக்காரு."